நாலாகக் கிழிந்த நன்றிச் சீட்டு

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வந்தாலே எட்டு பி வகுப்பு டீச்சருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். ஐந்து நாளாக நாற்பது பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை வறண்ட பிறகு, நன்றிச் சீட்டு வேறு வாசிக்க வேண்டும். அந்த வாரம் தனக்கு உதவியவர் பெயரை ஒவ்வொருவரும் எழுதி டப்பாவில் போடுவார்கள். எந்தப் புண்ணியவான் கொண்டுவந்த வழக்கமோ, அவர் நன்றாக இருக்கட்டும்!

அந்த வாரம் சீட்டை நம்பியிருந்தவள் புல்டோசர். வகுப்பு வைத்த பெயர் அது. அவளுக்கு வாயைவிடக் கை முந்திவிடும். திங்கட்கிழமை மாடிப்படியில் ஒல்லிப்பிச்சானைத் தள்ளிவிட்டாள். பாவம், அவன் வலது கையில் மாவுக்கட்டு.

"வெள்ளிக்குள்ள ஒருத்தராவது உன் பேர எழுதணும். இல்லன்னா இந்த லெட்டரோட ஹெச்.எம். ரூமுக்குத்தான் போகணும். ஸ்கூல விட்டே அனுப்பிடுவாங்க" என்று டீச்சர் கெடு வைத்திருந்தார்.

டப்பாவின் அடியில் அவள் பெயர் கிடந்தது. டீச்சருக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தார். தாள் பிய்கிற மாதிரி அழுத்தி எழுதும் கை வகுப்பில் ஒன்றுதான் உண்டு.

"உன் பேர நீயே எழுதிக்கிட்டியா? வெக்கமா இல்ல?"

சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் நீட்டிய லெட்டரை அவள் வாங்கிக்கொண்டு போனாள். ஒழிந்தது ஒரு தலைவலி என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது.

மணி அடித்ததும் ஒல்லிப்பிச்சான் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றான்.

"டீச்சர், அது என் சீட்டு. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. வாரம் பூரா என் நோட்டெல்லாம் அவதான் எழுதினா. தன் பேர எழுத மாட்டேன்னு ஒரே அடம். நான்தான் விடல."

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க கத்துனீங்க. பயமா இருந்துச்சு."

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வலிக்கிற முழங்காலோடு படியிறங்கி ஓடினார். ஹெச்.எம். அறை வாசலில் பெஞ்சில் காத்திருந்தாள் அவள். டீச்சர் லெட்டரைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் திணித்தார்.

"ஏம்மா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"விடுங்க டீச்சர். நானா இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்."

குரலில் கோபம்கூட இல்லை. பதிமூன்று வயதில் அப்படி அலுத்துப்போயிருந்தாள். இதற்கு அவள் தன்மேல் கையை ஓங்கியிருந்தாலே தேவலை என்று டீச்சருக்கு இருந்தது.