இரண்டு இடது துடுப்புகள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் தம்பி. எனக்குத் தானாக ஒன்றும் தோன்றவில்லை. கடல், சுறா என்றெல்லாம் எழுதுகிற ஆளும் நான் இல்லை. துறைமுகத் தொழிலாளர் சங்கம் நடத்தும் மாதப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். பக்கம் நிரம்பாவிட்டால் நானே எதையாவது எழுதி நிரப்புகிறேன். ஐஸ் விலை, ஓய்வு பெற்றவர்களுக்கு வாழ்த்து, கடைசிப் பக்கத்தில் ஒரு சிரிப்புத் துணுக்கு. அந்தத் துணுக்குக்காகத்தான் ஆட்கள் பத்திரிகையைக் கையில் எடுக்கிறார்கள். மற்ற பக்கங்களில் மீன் மடிக்கிறார்கள். அதற்கெல்லாம் கோபப்பட்டால் பிழைப்பு நடக்காது.

ஒரு மத்தியானம் தம்பி வந்தான். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்தான். நான் கேட்காமலே அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். வாஷரை மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அக்கா, கடைசிப் பக்கத்துல என்னப் பத்தி எழுது. படிச்சவன் வயிறு வலிக்கச் சிரிக்கணும். என்னை ஒரு முட்டாப் பயலா எழுது."

(பொதுவாக, தன்னைப் பற்றி எழுதச் சொல்கிறவர்கள் இரண்டு படி ஏற்றித்தான் எழுதச் சொல்வார்கள். சங்கத் தலைவர் தன் தலைமுடியைக்கூட ஏற்றிச் சொல்வார். இறக்கி எழுதச் சொன்ன முதல் ஆள் இவன்தான்.)

2

நடந்தது இதுதான். தம்பிக்கு ஆழ்கடல் படகில் வேலை. தூண்டில் போடுவது சூரை மீனுக்கு. மாட்டுவதில் பாதி சுறா. சுறாவின் உடம்புக்குப் பெரிய விலை கிடையாது, ஐஸ் அறையில் இடத்தை அடைக்கும். துடுப்புக்குத்தான் விலை. ஆகவே துடுப்புகளையும் வாலையும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அறுக்கும்போது அதற்கு உயிர் இருக்கும். தள்ளும்போதும் இருக்கும்.

இதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கரைக்கு வருகிற துடுப்பு அதனதன் உடம்போடு வர வேண்டும். ஆனால் ஐஸில் அடுக்க வசதியாக அறுத்திருந்தாலும் பரவாயில்லை, கயிற்றால் உடம்போடு கட்டியிருந்தால் போதும் என்று சட்டத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். சந்து கிடைத்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கடைசியில் மாட்டிய சில உடம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் துடுப்புகளைக் கட்டி, ஐஸ் மேல் பார்வைக்காக அடுக்குவார்கள். மற்ற துடுப்பெல்லாம் மூட்டையாக அடியில் போகும். அந்தக் கட்டுகிற வேலை தம்பியுடையது.

போன பயணத்தில் ஒரு சுறாவுக்கு இரண்டு பக்கமும் இடது துடுப்பையே கட்டிவிட்டான். இரண்டு காலுக்கும் இடது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது மாதிரி. சுறாவின் மார்புத் துடுப்பு மேல்பக்கம் கறுப்பு, கீழ்ப்பக்கம் வெள்ளை. இடதைக் கொண்டுபோய் வலப்பக்கம் வளைவு சரியாக வருகிற மாதிரி கட்டினால், வெள்ளை மேலே வந்துவிடும். வந்தது. சோதனை அதிகாரி எல்லாம் பார்த்து முடித்துக் கிளம்பியவர், அந்த வெள்ளையைக் கண்டு நின்றார். ஐஸ் அறையைக் காலி செய்யச் சொன்னார். மூட்டைகள் வெளியே வந்தன.

துடுப்பு மொத்தமும் போயிற்று. துடுப்பில் வருவதைப் படகு ஆட்கள்தான் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள்; அதனால் படகு முழுக்கத் தம்பியை முறைத்தது. கேப்டன் அவனைக் கன்னத்தில் ஓர் அறை விட்டுக் கேட்டாராம்: "தூங்கிட்டியா, இல்ல வேணும்னே பண்ணியா?"

தூங்கிவிட்டேன் என்றான் தம்பி.

மறுபடியும் 2

(இதைத் தனிப் பகுதியாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் மூன்று என்று போடவில்லை.)

போன வருஷம் அதே படகில் ஒரு சமையல்காரர் இருந்தார். துடுப்பு அறுப்பதை அவர் போனில் படம் எடுத்துக் கரையில் யாருக்கோ காட்டினார் என்று பேச்சு வந்தது. அடுத்த பயணத்தில் அவர் திரும்பி வரவில்லை. தவறி விழுந்துவிட்டார் என்றார்கள். ஒருவர்கூட வார்த்தையை மாற்றவில்லை. சாதாரணமாக ஒரு சின்னச் சண்டையைக்கூட ஆளுக்கொரு மாதிரி சொல்கிறவர்கள் அவர்கள்.

ஆக, தம்பி தூங்கினான் என்று துறைமுகம் முழுக்க நம்பியாக வேண்டும். சிரித்துவிட்டால் நம்பிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. நான் அந்தப் படகுக்கே போகாதே என்றேன்.

"போகலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் அக்கா," என்றான். குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

3

தொடக்கங்கள்.

"கடல் அன்று அமைதியாக" — அமைதியான கடலை வைத்துக்கொண்டு யாரைச் சிரிக்க வைப்பது? அடித்துவிட்டேன்.

"எங்கள் துறைமுகத்தில் ஒரு கும்பகர்ணன் உண்டு. நின்றபடியே தூங்குவான், தூங்கியபடியே கயிறு" — இது ஓடும் போலிருந்தது. வைத்துக்கொண்டேன்.

"பத்து வருஷமாகத் துடுப்பு அறுக்கிறவன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இடது எது, வலது எது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் எப்படி" — இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் துணுக்கு அங்கேயே செத்திருக்கும். ஆனால் எழுதிய பிறகு என்னால் அதை மறக்கவும் முடியவில்லை. சனியன், அதே வாக்கியம் பாத்திரம் கழுவும்போது வருகிறது, பஸ்ஸில் வருகிறது.

(துணுக்கில் சேர்க்க முடியாத ஒன்று: இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் சுறாவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுக்க அறுக்க அது குட்டி போட்டது. படகுத் தளத்தில் குட்டிகள் உயிரோடு துள்ளின. குழாய்த் தண்ணீரை அடித்துத் தள்ளிவிடு என்றார் கேப்டன். தம்பி குழாயை எடுக்காமல் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கடலில் விட்டிருக்கிறான். தாமதமாகிறது என்று திட்டு வாங்கியிருக்கிறான். தாயைத் துடுப்பில்லாமல் தள்ளிவிட்டார்கள். பல வகைச் சுறாவுக்கு நீந்தினால்தான் மூச்சு. தண்ணீர் தெளிவாக இருந்ததாம். அது வாயைத் திறந்தபடி, புரண்டு புரண்டு, வெட்டிப் போட்ட மரம் மாதிரி கீழே போவது வெகுநேரம் தெரிந்ததாம். "குட்டிங்க நீந்துச்சா?" என்று கேட்டேன். "சிலது நீந்துச்சு," என்றான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். அடுத்த பயணத்திலும் அறுத்தான்.)

இந்த அடைப்புக்குறியைக் கொண்டுபோய் இடது துடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஓஹோ, அதனால்தானா!" என்பீர்கள். நடுவில் இரண்டு வருஷம் இருக்கிறது. அதில் அவன் எத்தனையோ சுறாவை முகம் சுளிக்காமல் அறுத்திருக்கிறான். அந்த இரண்டு வருஷத்தை எடுத்துவிட்டு இரண்டு சம்பவத்தையும் ஒட்டவைத்தால் என் தம்பி மனசாட்சி உள்ள மனுஷனாகிவிடுவான். எங்கள் தொழிலில் இதற்குக் கதைக்கட்டு என்று பெயர். கேப்டனும் படகில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்வார் என்பதுதான் என் பயம்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அந்தத் துடுப்புக்குச் சுவையே கிடையாது. அதை நார் நாராக்கிப் போடுகிற சூப்பில் ருசியெல்லாம் கூடக் கொதிக்கும் கோழியிலிருந்து வருகிறது. இதைச் சொன்னவர் ஓட்டலில் அதைச் சமைத்தவர்.

 இன்னொன்று. சுறா நெத்திலி மாதிரி பெருகாது. பல வகைகள் குட்டி போடும் வயசுக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், சுமப்பது ஒரு வருஷம் போல, போடுவது கொஞ்சம். எடுத்த வேகத்தில் திரும்பி நிரம்ப வழியே இல்லை. தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில் முறம் அகலத்துக்குத் துடுப்பு வரும் என்பான். இப்போது உள்ளங்கை அளவையும் விடுவதில்லை. அதற்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது, அதனால் அவன் வீட்டில் இருக்கும் நாளும் குறைந்துகொண்டே வருகிறது. என் வீட்டு ஃப்ரிட்ஜ் துடுப்புக் காசில் வாங்கியது. யாரையும் கை நீட்டிக் குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

4

கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் கேட்காமல் இருப்பது? துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அவன் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நிஜமாகவே தூங்கினாயா என்றேன்.

"நீ எதை நம்பினாலும் வெளிய தூங்கினேன்னுதான் சொல்லணும்," என்றான். "அப்புறம் உனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணையே தெரிஞ்சு வச்சுக்கோ."

சொல்லிவிட்டு அடுத்த கிளிப்பை நீட்டினான். அவன் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும். இப்போது வெயிலில் முகம் முழுக்க ஒரே நிறம்.

5

துணுக்கு வந்தது. துறைமுகமே சிரித்தது. "ரெண்டு லெஃப்ட்டு" என்று தம்பிக்குப் பட்டப்பெயர் விழுந்தது. ஐஸ் வண்டிக்காரர் முதல் சங்கத் தலைவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவனை முறைத்தவர்களே தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எழுத்து ஓர் ஆளைக் காப்பாற்றும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நம்பினேன்.

துணுக்கின் கடைசி வரி இது: "முடிச்சுப் போட்டவன் தூங்கிவிட்டான், அவிழ்க்கப் போன அதிகாரிக்குத்தான் வேர்த்துக் கொட்டிற்று. கடைசியில் அறுக்க ஒரு கத்தி கேட்டார்."

இது நிஜமாக நடந்தது. தம்பி பேச்சுவாக்கில் சொன்னது. முடிப்பதற்கு ஒரு வரி தேவைப்பட்டது, இது கையில் இருந்தது, போட்டுவிட்டேன். மற்றவர்கள் எழுத்தில் அதிகப்படியான வரியை அடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் வரியை அடிக்க மனசு வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

படகு கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி வந்தான். கேப்டன் டீக்கடையில் துணுக்கை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம் அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னதைத் தம்பி அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினான்:

"உங்க அக்கா நல்லா எழுதறாங்கடா. அந்த முடிச்ச நான்கூட கவனிக்கல. தூங்குற கை அவ்ளோ இறுக்கமா கட்டுமா?"

கேட்டுவிட்டுச் சிரித்தாராம். தம்பியும் சிரித்தானாம். என்னிடம் சொல்லும்போதும் சிரித்தான். போகாதேடா என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், அழுதேன், அசிங்கமாகக் கத்தினேன். இப்போது நின்றால்தான் வம்பு என்று என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். உன் மேல் தப்பில்லை என்று அவன் சொல்லவில்லை. எழுதினது நல்லா இருந்தது என்றுதான் சொன்னான்.

மறுநாள் போனான்.

6

தூங்கியிருந்தான் என்றால், ஒரு தூக்கக் கலக்கத்துக்கு அவனை நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன். தூங்கவில்லை என்றால், பத்து வருஷத்தில் அவன் செய்த ஒரே ஒரு நல்ல காரியத்தை, யாருக்குத் தெரியக் கூடாதோ அந்த ஒரே ஆளிடம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அவன் வேண்டுமென்றேதான் கட்டினான் என்று நான் நினைக்கிறேன். அதில் எனக்குப் பெருமை. பெருமைப்படுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) படகு வருகிறது. தம்பி கறுத்து இளைத்து இறங்குகிறான். வழக்கம்போல வந்ததும் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்

(சாப்பிட என்று எழுதியதும் அந்தச் சமையல்காரர் ஞாபகம் வந்துவிட்டது. மேலே எழுதவில்லை.)

ஆ) படகு வருகிறது. எல்லோரும் ஒரே வார்த்தையைச்

இல்லை. அந்த வார்த்தையை அவன் பெயருக்குப் பக்கத்தில் எழுத மாட்டேன்.

படகு இன்னும் கடலில் இருக்கிறது. இந்தப் பக்கங்களை அலுவலகத்தில் வைக்கவில்லை; அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். அவன் படியேறி வந்து "அக்கா" என்று கூப்பிட்டானானால், அந்த நிமிஷமே எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடுவேன். அவன் தூங்கினவன், முட்டாப் பயல், ரெண்டு லெஃப்ட்டு. அந்தத் துணுக்கு ஒன்றே போதும். அவன் உயிரோடு இருக்கும்வரை இதில் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. வராவிட்டால் மூட்டை, குட்டிகள், சமையல்காரர், கேப்டன் சொன்னது, நான் எழுதின கடைசி வரி என்று ஒன்றுவிடாமல் அச்சுக்குக் கொடுப்பேன்.

அதனால் முடிவை நான் எழுதத் தேவையில்லை. இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்திருந்தால் உங்களுக்கு அது தெரியும். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இன்னும் தெரியாது. நீங்கள் இதைப் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.