நாலு ரோட்டில் கோமளாவின் படம்

சாயங்காலம் பனியன் கம்பெனி விட்டு வந்த ராமாத்தாள், வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருப்பதைப் பார்த்துத் திகைத்தாள். பலமுறை தட்டிய பிறகுதான் மகள் கோமளா திறந்தாள். இன்னும் பள்ளிக்கூடச் சீருடையில்தான் இருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“என்னாச்சு கண்ணு? காய்ச்சலா?”

“நான் இனி பள்ளிக்கூடம் போகலீங்கம்மா.”

பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் முதுகைத் தடவிக்கொடுத்த பிறகு விஷயம் வெளியே வந்தது. நாலு ரோட்டில் நிற்கிற பிளக்ஸ்தான் காரணம்.

கோமளா எட்டாவது படிக்கிறாள். அவள் வயதுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமை சீர் வைத்திருந்தார்கள். ராமாத்தாளின் அண்ணன் மாரப்பன் வெள்ளகோவிலில் சொந்தமாகத் தறி போட்டவர். தாய்மாமன் என்ற முறையில் இவர்கள் இருக்கும் அனுப்பர்பாளையத்தின் நாலு ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒயின்ஷாப்பை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு பிளக்ஸ் ஒன்றைக் கட்டவைத்திருந்தார். அந்த வருஷங்களில் கம்ப்யூட்டரில் பிளக்ஸ் அடிப்பது மலிவாகிவிட்டது. கட்சிக்காரர்களும் சினிமாக்காரர்களும் மட்டுமே நின்ற இடங்களில் காதுகுத்தும் கல்யாணமும் வந்து நின்றுகொண்டன.

மாரப்பனிடம் இருந்தது கோமளாவின் பள்ளிக்கூட போட்டோ ஒன்றுதான். பிளக்ஸ் கடைக்காரன் செல்வக்குமார் அதிலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, பட்டுச்சேலையும் நகையுமாக நின்ற யாரோ ஒரு மணப்பெண்ணின் கழுத்தில் ஒட்டிவிட்டான். முகத்தை வெளுப்பாக்கிப் பின்னால் ஓர் அருவியை விழவைத்தான். ஓரத்தில் செல்போனைக் காதில் வைத்தபடி மாரப்பன் நின்றார். அவர் காலடியில் அவருடைய போன் நம்பர்.

“பஸ்ஸுல எல்லாப் பசங்க போன்லயும் அந்தப் படம் இருக்குதுங்கம்மா. புளூடூத்துல ஒருத்தனுக்கொருத்தன் அனுப்பிக்கறானுக. உன்ற புருசன் எங்கன்னு கேக்கறானுக. இன்னும் என்னென்னமோ பேசறானுக.” கோமளா மேலே சொல்லாமல் விட்டாள். பிறகு, “அது நானே இல்லீங்கம்மா. அந்தக் கை என்ற கை இல்ல” என்றாள்.

காலையில்தான் ராமாத்தாள் கம்பெனி வேனில் போகும்போது அந்தப் பிளக்ஸைக் கைநீட்டிக் காட்டி, “என்ற பொண்ணு” என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

பாத்திரப் பட்டறையிலிருந்து வந்த கணவன் ராசப்பனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டான்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு. சீர் முடிஞ்சா அவங்களே எறக்கிருவாங்க.”

“அதுவரைக்கும் புள்ள எப்படீங்க வெளிய போகும்?”

“இப்ப எறக்குனா உங்கொண்ணன் சும்மா உடுவாரா? தாய்மாமன் இல்லாம சீர் நடக்குமா? நீயே யோசி.”

ராமாத்தாள் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். மாரப்பன் உற்சாகமாக இருந்தார். “முன்னப்பின்ன தெரியாத ஆளுகெல்லாம் கூப்புடறாங்க ராமாத்தா! பஸ்ஸுல போறவன் நம்பரப் பாத்துட்டு அடிக்கறான்.”

“கூப்புட்டு என்னங்கண்ணா கேக்கறாங்க?”

“கண்ட பயலும் கூப்புடத்தான் செய்வான். பொண்ணு நம்பரு வேணும்னான் ஒருத்தன். வெச்சிட்டுப் போடான்னுட்டேன்.”

“அண்ணா, அதைய எறக்கிருங்க. புள்ள அழுகுதுங்க.”

“சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? பதனஞ்சு வருசம் அடுத்தவன் தறியில நின்னேன். இந்த மாரப்பன் யாருன்னு ஒருத்தனுக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் நாலு பேருக்கு என்ற மொகம் தெரியுது. அதையப் போய் எறக்கச் சொல்றயே.” அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் கோமளா பள்ளிக்கூடம் போகவில்லை. ராமாத்தாள் கம்பெனிக்குப் போனாள். ஓட்டை விழுந்த பனியனையெல்லாம் நல்ல பனியன்கள் இருந்த பக்கம் தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் எழுந்தாள். நூல் வெட்டும் கத்திரி கையிலேயே இருந்தது. பக்கத்து டேபிள் ரோஸ்மேரி, சாத்தூர்ப் பக்கத்துக்காரி, பின்னாலேயே ஓடிவந்தாள்.

“எங்கக்கா போறிய? கத்திரியோட போறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு.”

“நாலு ரோட்டுக்கு.”

ரோஸ்மேரியும் கூடவே நடந்தாள். அங்கே பிளக்ஸுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில் ஏணியைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். பிளக்ஸ் கட்டியிருந்த சட்டத்தில் சாத்தி, அடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ராமாத்தாள் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். பாதி உயரம் போனதும் ஒயின்ஷாப் வாசலில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். டீக்கடையிலிருந்து சிலர் வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற பையன்கள் ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சுற்றிலும் போன்கள். யாரும் ‘ஏம்மா ஏறுற’ என்று கேட்கவில்லை.

மேலே எட்டி முதல் கயிற்றை வெட்டினாள். சின்னக் கத்திரி. இழை இழையாகத்தான் அறுந்தது. கீழேயிருந்து ஒரு குரல் மகளின் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டது. சிரிப்புச் சத்தம் எழுந்தது. இன்னொருவன் அதைவிட மோசமாக ஒன்று சொன்னான். ராமாத்தாளின் கை நின்றது. திரும்பிப் பார்த்தால் தன் முகமும் அவர்கள் போனுக்குள் போய்விடும் என்று பட்டது. இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், மகளின் வெளுத்த முகம். அவ்வளவு பக்கத்தில் அது வெறும் புள்ளி புள்ளியாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தை நேராகவே பார்த்தாள்.

“எடுங்கடா. நல்லா எடுத்துக்கங்க. எட்டாவது படிக்கற புள்ள அது. உங்க ஊட்டுலயும் பொம்பளப் புள்ளைக இருக்கும், அங்கயும் கொண்டுபோய்க் காட்டுங்க.”

சிரிப்பு அடங்கியது. போன்கள் இறங்கவில்லை.

இரண்டாவது கயிறு அறுந்ததும் பிளக்ஸின் ஒரு பக்கம் காற்றில் பெரிய சத்தத்தோடு மடிந்து அவள்மேல் சரிந்தது. ஏணி ஆடியது. “யக்கா, சட்டத்தப் பிடிச்சுக்கோங்க!” என்று ரோஸ்மேரி அலறினாள். ராமாத்தாள் ஒரு கையால் சவுக்குக் கட்டையைத் தழுவிக்கொண்டு கண்ணை மூடினாள். காற்று நின்ற பிறகு மிச்சத்தையும் வெட்டினாள். இருவருமாக பிளக்ஸைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு நடந்தபோது கூட்டம் வழிவிட்டது.

சேதி அவளுக்கு முன்னால் வெள்ளகோவில் போய்ச் சேர்ந்துவிட்டது. மாரப்பன் ராசப்பனின் போனில் கூப்பிட்டார். “என்ற மொகத்தத்தான் கிழிச்சிருக்கறா உங்க ஊட்டுக்காரி. ஞாயித்துக்கெழம நான் வரலீங்க மாப்ள” என்றார்.

வரவில்லை. கடைசிவரை எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் தப்பப் போகிறது என்றதும் ராமாத்தாளின் பெரியப்பா மகன் அய்யாசாமி மாமன் ஸ்தானத்தில் நின்று மாலை போட்டார். கோமளா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ராமாத்தாள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கூடப்பிறந்தவன் ஒருவன்தான் அவளுக்கு. ஆனாலும் வெட்டியது தப்பு என்று அவளால் நினைக்க முடியவில்லை. ராசப்பன் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை கோமளா பள்ளிக்கூடம் போனாள். பஸ்ஸில் போகமாட்டேன் என்றாள். ராசப்பன் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்.

அடுத்த மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டில் மாரப்பன் நின்றார். இளைத்திருந்தார். ராமாத்தாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

“எங்கூர்ல ஒருத்தன் இதைய எனக்கே அனுப்பறான்” என்று போனைக் காட்டினார். ஏணிமேல் அவள் நின்ற வீடியோ. “உன்ற தங்கச்சி செஞ்ச கூத்தப் பாருன்னான். பாத்தேன். சத்தத்தக் கூட்டி வெச்சுப் பாத்தேன் ராமாத்தா. அவனுக பேசுனதக் கேட்டேன்.”

அவர் போனைத் தாழ்த்தினார். “நம்ம புள்ளைய அப்படிப் பேசறானுக. நாந்தான் அங்க கொண்டுபோய் நிறுத்துனேன்.”

மாரப்பன் போனை அவளிடம் நீட்டினார்.

“என்ற போன்ல அழிச்சுட்டுத்தான் போவேன். எப்படின்னு தெரியல. நீ பண்ணிக் குடு.”

அவளுக்கும் தெரியாது. ரோஸ்மேரியைக் கூப்பிட்டாள். ரோஸ்மேரி அழித்துக்கொடுத்தாள்.

“மத்தவங்க போன்ல இருக்கறத என்ன பண்றது?” என்று மாரப்பன் கேட்டார்.

“வாங்கண்ணா, ரெண்டு வாய் சாப்புடலாம்” என்றாள் ராமாத்தாள். “சாயங்காலம் ஊட்டுக்கு வந்து புள்ளகிட்ட நீங்களே பேசுங்க. அது உங்க மேல கோவமாத்தான் இருக்குது. மொகங்குடுத்துப் பேசாட்டியும் வாங்க.”