ஆட்டாமல் ஒரு மணி நேரம்

கல்யாணம் இந்தத் தடவையும் மாட்டிக்கொண்டது வாயால்தான். கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஊரே பேசுவதற்கு வழி பண்ணிக் கொடுக்கிறவர் தானும் கொஞ்சம் பேசினால் என்ன என்பது அவர் கட்சி.

சுவாமிமலையில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி பஞ்சநதம் ஸ்தபதியின் பட்டறை. அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் பட்டறைக்கு மூச்சு விட நேரமில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் அமெரிக்கா போய்ச் சேரச் சேர அங்கே கோயில்கள் முளைத்தன. கோயில் முளைத்தால் சாமி வேண்டும், சாமிக்கு சுவாமிமலைக்குத்தான் வர வேண்டும். கல்யாணத்தின் பிள்ளை விஸ்வா இருக்கிற ஊரிலும் ஒரு கோயில் எழும்பி, ஒன்றரை அடியில் ஒரு சிவகாமி அம்மனுக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மெழுகில் அம்மன் தயாரானதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கோயில் கமிட்டி பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உலோகம் வார்க்கலாம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து கலரில் ஃப்ளாஷ் அடித்து எடுத்துப் போனார். ஸ்தபதியின் மெழுகு குங்கிலியம் கலந்தது. தார் மாதிரிக் கறுப்பு, போதாததற்கு எண்ணெய்ப் பளபளப்பு வேறு. படத்தில் அம்மன் நின்ற இடத்தில் ஒரு கரிக்கட்டை நின்றது, அதன் நெற்றியில் ஒரு மின்னல் வெட்டியது. ‘உருவம் தெரியவில்லை, தெளிவான படம் அனுப்பவும்’ என்று கமிட்டியிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது.

அப்போதுதான் கல்யாணம் வாயைத் திறந்தார். கறுப்பைப் பிடிக்கக் கறுப்பு வெள்ளைதான் லாயக்கு என்றார். ஃப்ளாஷே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும் என்றார். தன்னிடம் நல்ல காமிரா இருப்பதையும், வீட்டுக் குளியலறையே இருட்டறையாகவும் இருப்பதையும் சொன்னார். முப்பது வருஷமாக அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாவது ஆல்பம் கேட்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை முழுக்க அம்மனைச் சுற்றிச் சுற்றி வந்து முப்பத்தாறு படம் எடுத்தார். மெழுகை மண்ணுக்குள் மூடி, சுட்டு உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் ஊற்றுவார்கள். மண் பூச மறுநாள் காலைதான் நல்ல நேரம். அதை விட்டால் பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டும். வைகாசி வெயிலில் மெழுகு அதுவரை தாங்காது, விரல்கள் தொங்கிப் போகும். படம் வந்துவிடுமா என்று ஸ்தபதி ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

“கல்லு மாதிரி வந்திருக்கு ஸ்தபதி. நீங்க தைரியமா மண்ணைப் பூசுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, காவிரியில் எடுத்து அரைத்துச் சலித்த வண்டலுக்குள் அம்மன் மறைந்தாள். பத்து மணிக்குக் கல்யாணம் காமிராவைத் துடைக்க எடுத்தார். தலைப்பக்கத்தில் பிலிம் ஸ்பீடு வைக்கிற குமிழைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

உள்ளே இருப்பது நூறு ஸ்பீடு பிலிம். குமிழ் நின்றது நானூறில். காமிரா பாவம், சொன்னதை நம்பி, வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்கை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. பொருளோ தார்க் கறுப்பு. வழக்கமான டெவலப்பர் மருந்தில் போட்டால் முப்பத்தாறு கட்டத்திலும் ஒன்றும் இருக்காது. படம் இல்லையென்றால் கமிட்டியின் சம்மதம் இல்லை. மண்ணை உடைத்தெடுத்தால் மெழுகும் கூடவே வந்துவிடும். ஒன்றரை மாத வேலை போய், ஸ்தபதி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாய் நானூறு ஸ்பீடிலும் கை நூறு ஸ்பீடிலும் ஓடினால் இதுதான் கதி என்று கல்யாணம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஸ்தபதியிடம் போய்ச் சொல்ல மட்டும் கால் வரவில்லை.

அலமாரியில் ஒரு பாட்டில் நாலு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. விஸ்வா ஒரு நண்பன் மூலம் காலுறைக்குள் சுருட்டி அனுப்பிய புது டெவலப்பர், தேன் மாதிரி கெட்டியாக, பழுப்பாக. முப்பது வருஷமாக ஒரே பவுடரைக் கரைத்துப் பழகியவர் அதைத் தொடவே இல்லை. தலைமுடி கொட்டிய பிறகும் பழைய பார்பரிடமே போகிற ஜாதி அவர். இப்போது அதனோடு வந்த தாளை விரித்துப் படித்தார். வெளிச்சம் குறைந்த பிலிமுக்கு ஒரு வழி போட்டிருந்தது: ஒரு பங்கு மருந்துக்கு நூறு பங்கு தண்ணீர், இருபது டிகிரிக் குளிர்ச்சி, முதல் நிமிஷம் மட்டும் ஆட்டு, அதன் பிறகு ஒரு மணி நேரம் தொடாதே.

இருக்கிறது ஒரே சுருள். புது மருந்தை நேரே அதில் போட்டுப் பார்க்க அவருக்கே பயம். மனைவி பர்வதம்தான், புது அரிசி வாங்கினால் முதலில் ஒரு பிடி போட்டு வடித்துப் பார்ப்பதில்லையா என்று கேட்டாள். கறுப்பாக, பளபளப்பாக என்ன இருக்கிறது என்று இருவரும் சமையலறையை அலசினார்கள். கடைசியில் நாலு கருப்பட்டிக்கு நல்லெண்ணெய் தடவி, ஜன்னலோரம் நிற்க வைத்து, குமிழை அதே நானூறில் வைத்து, தெரிந்தே தப்பாக ஒரு சுருள் முழுக்க எடுத்தார். அம்மனுக்குக் கொடுத்த மரியாதையில் ஒரு துளி குறைக்காமல் நாலு பக்கமும் எடுத்தார். இருட்டில் சுருளை இரண்டாக வெட்டினார்.

குழாய்த் தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி. பர்வதம் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸைக் கொட்டிக் கொட்டி வாளியை இருபதுக்குக் கொண்டுவந்தாள். முதல் பாதியை டப்பாவில் போட்டு, மருந்தை ஊற்றி, வாளிக்குள் வைத்தார்கள். ஒரு மணி நேரம் தொடக்கூடாது. கல்யாணம் பத்து நிமிஷம் தாங்கினார். முப்பது வருஷமாக அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்டிப் பழகின கை. சும்மா ஒரு தட்டு தட்டினார். அப்புறம் லேசாக ஒரு திருப்பு. கால் மணி கழித்து, பர்வதம் அந்தப் பக்கம் போனதும், ஒரு குலுக்கு.

கருப்பட்டி வந்திருந்தது, மேலே சாரல் அடித்த மாதிரி கோடு கோடாக. மருந்து சரியில்லை, அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் ஆரம்பித்தார். பர்வதம் பிலிமைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள்.

“ஏன்னா, தயிருக்குப் பொரை ஊத்திட்டு அஞ்சு நிமிஷத்துக்கொரு தரம் ஆட்டிப் பார்ப்பேளா? உறைய விடுங்கோ.”

இரண்டாவது பாதியைத் திங்கட்கிழமை சாயங்காலம் போட்டபோது அவர் நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கருப்பட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கு தெரிந்தது. நேரில் பார்த்தபோது அவர் கண்ணுக்கே அது படவில்லை. ‘அடேயப்பா’ என்றார்.

மறுநாள் லீவு போட்டார். அம்மன் சுருளை டப்பாவில் ஏற்றி, மருந்தை ஊற்றி, முதல் நிமிஷம் ஆட்டி வாளியில் வைத்ததும், பர்வதம் அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

“நீங்க இந்த ஆத்துலயே இருக்கப்படாது. ஒரு மணி நேரம் எங்கயாவது போயிட்டு வாங்கோ.”

எங்கேயாவது என்றால் கோயில் இருக்கிறது, அறுபது படி இருக்கிறது. கல்யாணத்தின் கால் பட்டறைக்குப் போனது.

மண் பூசிய அம்மன் நிழலில் ஒரு பலகை மேல் காய்ந்துகொண்டிருந்தாள். ஸ்தபதி வேறொரு சிலைக்கு மெழுகில் சுண்டுவிரல் உருட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குமிழ், நானூறு, பார்க்காமலேயே கல்லு மாதிரி என்று சொன்ன பொய், கருப்பட்டி, தயிர், இந்த நிமிஷம் வாளிக்குள் இருக்கிற டப்பா. அவர் வாழ்க்கையிலேயே அலங்காரமில்லாமல் பேசியது அன்றைக்குத்தான். ஸ்தபதி தலை நிமிரவில்லை. விரல் நுனியில் நகம் வைக்கிற இடம் வந்திருந்தது. சூட்டுக்கோலை எடுத்து ஒரு தடவு தடவினார், நகம் வந்தது.

“படம் வரலேன்னா?” என்றார் கல்யாணம்.

“உடைச்சுட்டு மறுபடி செய்வேன் சார். இந்தத் தடவை உங்களை உள்ள விடாம.”

கல்யாணத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்தபதி பலகைப் பக்கம் தலையை ஆட்டினார்.

“மண்ணு பூசினதுலேர்ந்து உள்ள அது எப்படி இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியுமா? வார்த்து உடைச்சாத்தான் தெரியும். எங்க வேலையே பார்க்காம இருக்கறதுதான். நீங்க ஒரு மணி நேரத்துக்கே இப்படி வேர்க்கறீங்க.”

மீதி நாற்பது நிமிஷத்தில் ஸ்தபதி ஒரே ஒரு சுண்டுவிரல் செய்தார். கல்யாணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உருட்டியதும் வளைத்ததும் போக, வெறுமனே கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த நேரமே அதிகம். கோடி ரூபாய் கொடுத்தாலும் தன்னால் அப்படி ஒரு விரலுக்காகச் சும்மா இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. மணி பார்த்து எழுந்தபோது ஸ்தபதியும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பர்வதம் டப்பாவுக்கு எதிரே முறம் வைத்து உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். எறும்பைக்கூட அண்ட விடவில்லை என்றாள். மருந்தைக் கொட்டி, படம் அழியாமல் நிற்க ஹைப்போ ஊற்றி, கழுவி, சுருளை உயர்த்திப் பிடித்தார் கல்யாணம். முப்பத்தாறு கட்டத்திலும் அம்மன் இருந்தாள். நெகடிவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்; கறுப்பு வெளுப்பாக, வெளுப்பு கறுப்பாக. பழகாதவர்களுக்குப் பேய் மாதிரி இருக்கும். எப்படிப் பார்ப்பது என்று விளக்கக் கல்யாணம் வாயெடுப்பதற்குள் ஸ்தபதி சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“மூக்குத்தி, கை வளைவு, சிலம்புல மூணாவது மணி, எல்லாம் இருக்கு சார்” என்றார். கல்யாணம் வாயைப் பிளந்ததைப் பார்த்துச் சொன்னார்: “அச்சுக்கு உள்பக்கம் இப்படித்தானே இருக்கும். மேடு பள்ளமா, பள்ளம் மேடா. எனக்கு இதுதான் பழக்கம்.”

பகலிலேயே குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டு பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டார்கள். பின்பக்கத்துப் படம் தட்டில் மெல்ல மெல்ல எழும்பியது. பின்னல், இடுப்பு மடிப்பு, பாதம். இடது குதிகால் பீடத்தைத் தொடுகிற மூலையில், பொட்டு அளவுக்கு, சுழி சுழியாக ஏதோ. மறுபடி ஏதோ கோளாறு என்று நினைத்தார் கல்யாணம். சிவப்பு விளக்கில் ஸ்தபதி குனிந்து பார்த்தார். பிறகு தன் வலது கட்டை விரலைப் பார்த்தார்.

“இது நானு” என்றார்.

கடைசியாகப் பீடத்தில் நிறுத்தும்போது பிடித்த இடத்தில் பதிந்த விரல் ரேகை. மெழுகில் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. வார்த்ததும் அரம் போட்டு உளி பிடித்தால் முதலில் போவது அதுதான் என்றார். அழிக்கவேண்டுமா, அந்த மூலையைக் கொஞ்சம் இருட்டாக்கி விடட்டுமா என்று கல்யாணம் கேட்டார்.

“கமிட்டிக்கு அனுப்பறதுல பண்ணிக்குங்க. எனக்கு ஒரு காப்பி, இப்படியே.”

படங்கள் கூரியரில் போய்ப் பன்னிரண்டாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. அம்மன் மிக அழகு, வார்க்கலாம். அடுத்த முறை தயவுசெய்து கலரில் அனுப்பவும்.

கல்யாணம் அதை மூன்று தடவை படித்தார். கமிட்டிக்கு நாலு பக்கத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார். பர்வதம் உளுந்து முறத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஸ்தபதியின் காப்பியை இன்னும் பெரிதாகப் போடலாம் என்று எழுந்து போனார்.