வில்னிஸ் செய்த தப்புக்கு இரண்டு நிமிடம்

அந்த ஐஸ் ஹாக்கிப் போட்டித்தொடர் முழுக்க நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். லாத்வியாவின் கருஞ்சிவப்புச் சட்டை, முதுகில் ரைடிஸ் என்று என் பெயர், காலில் தீட்டிய ஸ்கேட், கையில் மட்டை, எல்லாம் தயார். கோச் வில்னிஸ் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்கள் தடுப்பைத் தாண்டி ஐஸில் குதிப்பார்கள், மூச்சிரைக்கத் திரும்பி வந்து விழுவார்கள். நான் நகர்ந்து இடம் விடுவேன். ஐரோப்பாவின் பாதி நாடுகள் ரீகாவுக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தன. உள்ளூர்க்காரனான நான் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் என் மனைவியின் அண்ணன் ஐவிஸ். மீனைப் புகையில் வாட்டி விற்கிறவன், வாயிலும் எப்போதும் புகைச்சல்தான். "மாப்ளே, பெஞ்சு நல்லா சூடாயிருக்குமே. நாளைக்குப் போகும்போது ரெண்டு கோழி முட்டை தர்றேன், அடைகாத்துக் குடுங்க" என்பான். மேசையே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். வயது முப்பத்துமூன்று. இனி தேசிய அணிக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறை, ஒரு நிமிடமாவது, அந்த ஐஸில் ஆடிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம் நார்வேயுடன். தோற்கிறவர்கள் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது நார்வே ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. அரங்கில் மேளச்சத்தம் நின்றுபோனது.

வில்னிஸுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பந்துக்குப் பதிலாக நாங்கள் அடித்தாடும் ரப்பர் வட்டு உள்ளே வருவதற்கு முன்பே நார்வேக்காரன் எங்கள் எல்லைக்குள் நுழைந்துவிட்டான், கோல் செல்லாது, வீடியோ பாருங்கள் என்று நடுவரிடம் சண்டைக்குப் போனார். உதவி கோச் கையைப் பிடித்து, "வேண்டாம் கோச், நானும் பாத்தேன், சரியாத்தான் வந்தான்" என்றார். கேட்டால்தானே. வீடியோ பார்த்தார்கள். கோல் செல்லும். வீணாக வீடியோ கேட்ட குற்றத்துக்கு எங்கள் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. அந்த இரண்டு நிமிடமும் எங்களுக்கு ஓர் ஆள் குறைவு.

தண்டனை பெற்றவர்கள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு, தப்புச் செய்த கோச்சை அதில் உட்கார வைக்க மாட்டார்கள். அவருக்குப் பதிலாக அணியில் யாராவது போய் உட்கார வேண்டும். வில்னிஸ் பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். யார் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தேடுகிற பார்வை. என்மேல் வந்து நின்றது.

"ரைடிஸ், நீ போ."

எழுந்தேன். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார். "கதவு திறந்ததும் நேரா இங்க வந்து உக்காரு. வேற எந்த வீரத்தையும் காட்டாதே. நல்ல ஆளு ஒருத்தன் இங்க காத்துக்கிட்டிருப்பான். புரியுதா?"

"சரி கோச்."

நல்ல ஆள் ஒருத்தன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கூண்டு எதிர்ப்பக்கம். ஐஸைக் குறுக்கே கடந்து போனேன். போட்டியில் நான் முதன்முதலாக ஐஸில் கால் வைத்தது ஜெயிலுக்குப் போகத்தான். கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது. வில்னிஸைத் திட்ட வேண்டிய வாயெல்லாம் என்னைத் திட்டின.

கூண்டுக்கதவைக் காவல் காக்கும் அம்மாவின் பெயர் வெல்தா, அட்டையில் எழுதியிருந்தது. ஐம்பது வயதிருக்கும். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எந்த டீம் தம்பி?"

"சட்டையப் பாத்தா தெரியலையா?"

"சட்டை தெரியுது. ஆளைத்தான் பாத்ததில்ல. ஒரு சொட்டு வேர்வை கூட இல்லையே."

"வேர்க்க விடல."

அவள் பையிலிருந்து ஒரு பால்மிட்டாயை எடுத்து நீட்டினாள். "தின்னு. யாரு பண்ண தப்பு?"

"கோச் பண்ணது."

"அப்ப அவரைத்தானே இங்க உக்கார வைக்கணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைதட்டவோ கத்தவோ அவளுக்கு அனுமதி இல்லை, வேலை விதி. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் நால்வர், அவர்கள் ஐவர். வட்டு எங்கள் கோலைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரன் நௌரிஸ் ஓர் அடியைக் காலால் தடுத்துவிட்டு நொண்டினான். அவனுக்குப் பதில் ஓட எனக்கு இரண்டு கால்களும் சும்மா இருந்தன. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது.

"உக்காரு தம்பி. மறைக்குது."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"பாதிதான் போயிருக்கு. நடுவுல அவங்க கோல் போட்டா உடனே திறந்து விட்டுடுவேன். அதான் விதி."

விதி எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னதும் ஒரு நொடி, ஒரே நொடி, அப்படியாவது கதவு திறக்காதா என்று நினைத்துவிட்டேன். மிட்டாய் கசந்தது. நாடே கீழே விழப் போகிறது, உனக்குக் கதவு கேட்கிறதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விழவில்லை. நம் கோல்கீப்பர் மூன்று அடிகளைப் படுத்துக்கொண்டே தடுத்தான். கடிகாரம் கடைசி நொடிகளுக்கு வந்தது. வெல்தா கொக்கியில் கை வைத்தாள்.

"போ ராசா."

கதவு திறந்தது. வெளியே பாய்ந்தேன்.

அதே நேரத்தில்தான் நௌரிஸ் எங்கள் கோல் பக்கத்திலிருந்து வட்டை வெறிகொண்டு அடித்தான். கூண்டு இருந்த பக்கத்துத் தடுப்பை ஒட்டியே என்னை நோக்கி வழுக்கி வந்தது. நார்வேக்காரர்கள் ஐவரும் எங்கள் கோலடியில் கிடந்தார்கள். எனக்கு முன்னால் பாதி ஐஸ் காலி. கோடியில் அவர்கள் கோல்கீப்பர் ஒருவன் மட்டும். இப்படியொரு வாய்ப்புக்காகத்தான் மனிதர்கள் ஆறு வயதில் ஸ்கேட் மாட்டிக்கொள்கிறார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. வெல்தாவும் விதியை மறந்து என் பெயரைக் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். என் கால்கள் அதற்குள் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டிருந்தன. நேராக, ஐஸைக் குறுக்கே கடந்து, பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வட்டு என் பின்னால், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தைக் கடந்து, நிதானமாக அவர்கள் பக்கம் போனது. அவர்கள் கோல்கீப்பர் நடந்து வந்து எடுத்துக்கொண்டான்.

அரங்கத்தின் சத்தம் அப்படியே அமுங்கியது.

தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தேன். நல்ல ஆள் ஒருத்தன் ஐஸில் குதித்தான். என் பழைய இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். வில்னிஸ் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார்.

"ஏன்டா போகல? சும்மா கெடந்த வட்டுடா. ஏன் போகல?"

"நேரா வரச் சொன்னீங்க, கோச்."

அவர் நிமிர்ந்தார். ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நார்வே இன்னொரு கோல் அடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐவிஸ் வீட்டில் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, வெண்ணெய், புகையில் வாட்டிய விலாங்கு மீன். எல்லோரும் கடையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். ஐவிஸ் விலாங்கின் நடுத்துண்டை, எப்போதும் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிற துண்டை, எடுத்து என் தட்டில் வைத்தான்.

முட்டை பொரிந்ததா மாப்ளே என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டால் போதும், அழாமல் சாப்பிட்டுவிடுவேன் என்றிருந்தது.

"சாப்பிடுங்க மாப்ளே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.