நிழல் விழுந்த படம்

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அந்தியில் விளக்கலங்காரத்தைப் படம் எடுக்கிறவர்கள் பாடு அதுதான். விளக்கைப் போடும்போது வானம் வெளுத்துக் கிடக்கும். விளக்கு எடுப்பாகத் தெரியும்போது வானம் கருத்துப் போயிருக்கும். நடுவில் ஒரு கால் மணி நேரம், வானம் நல்ல நீலமாக நிற்கும். அதற்குள் எடுத்தால் உண்டு, விட்டால் மறுநாள்தான்.

அந்தக் கால் மணி நேரத்துக்காகக் கயல்விழி நான்கு மணியிலிருந்தே காத்திருந்தாள். கோயமுத்தூரில் முன்னாள் படைவீரர் சங்கத்தார் ஒரு பூங்காவுக்குள் எழுப்பியிருந்த போர் நினைவுத் தூணுக்கு அன்றைக்குத்தான் புது விளக்குகள் போட்டிருந்தார்கள். முழுத் தூணும் தெரிய ஒரு படம் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருந்தார்கள். பல்லடத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவளுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் இந்த வேலையை வலியப் போய்க் கேட்டு வாங்கியிருந்தாள். தூணின் அடியில் கருப்புக் கல்லில் வரிசையாகப் பேர்கள் வெட்டியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் தமிழ்ச்செல்வன் பேர் இருந்தது.

பத்து வருஷம் ஆகிவிட்டது. அவன் வீட்டார் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். இவள் வீட்டார் தோட்டம் வைத்திருப்பவர்கள். அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அடுத்த லீவில் வந்து இரண்டு வீட்டிலும் சொல்லிவிடலாம் என்று போனவன், எல்லையிலிருந்து பெட்டியில் வந்தான். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று செல்போனில் அவன் அனுப்பியதையெல்லாம் அன்றன்றைக்கே அழித்து வந்த மகா புத்திசாலி இவள். இன்றைக்கு அவன் படம் ஒன்றுகூடக் கையில் இல்லை. அவன் போனதுகூட ஒருவாறு பழகிவிட்டது. தான் அவனுக்கு யாராக இருந்தோம் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லையே, அதுதான் இன்னும் அரித்தது.

அவள் அவனை ஒழுங்காகப் படம் எடுத்தது ஒரே ஒரு தடவை. பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது, இரவல் கேமராவோடு ஆழியாறு அணைக்குப் போயிருந்தார்கள். சாயங்கால வெயில் முதுகுப்பக்கம் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. அவன் காலடியில் இவள் நிழல் நீளமாக விழுந்துவிட்டது. தலையை இடப்பக்கம் சாய்க்காமல் அவளுக்கு எதையும் பார்க்க வராது. அந்தச் சாய்ந்த தலைகூட நிழலில் அப்படியே விழுந்திருந்தது.

"படம் எடுக்கறவிய படத்துக்குள்ள வரக் கூடாது அம்மணி, அதுதான் மொதப் பாடம்" என்று ஸ்டுடியோக்காரர் ஒரு பிடி பிடித்தார். தமிழ்ச்செல்வன் மட்டும் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டே தீர வேண்டும் என்று நின்றான். "ரெண்டு பேரும் இருக்கறது இது ஒண்ணுதான்" என்றான். அன்றைக்குத்தான், "எங்கம்மாளை என்னன்னு கூப்பிடுவே, ஒருக்காச் சொல்லிக் காட்டு" என்று நச்சரித்து, இவள் வாயால் 'அத்தை' என்று சொல்ல வைத்தான். பிரிண்டை அவன் கொண்டுபோய்விட்டான். மறுநாள் யார் வீட்டுக் கல்யாணத்தையோ படம் எடுப்பதற்காக, கேமராவின் கார்டில் இருந்ததையெல்லாம் ஸ்டுடியோவில் அழித்துவிட்டார்கள்.

ஆறே முக்காலுக்கு விளக்குகள் எரிந்தன. வானம் நீலத்துக்கு வந்துகொண்டிருந்தது. கயல்விழி ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் தம்பிதுரை வேகமாக வந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் பெருத்துக்கொண்டே இருந்தது.

"அம்மணி, ஒரே ஒரு பேமிலி பாக்கிங்க. பேரு பக்கத்துல நிக்க வெச்சு ஒரு படம். மத்தவீங்களுக்கெல்லாம் மத்தியானமே வேறொரு போட்டோக்காரரு எடுத்துட்டுப் போயிட்டாருங்க. இவீங்க காரமடையிலிருந்து வந்த பஸ்ஸு டிராபிக்குல மாட்டிக்கிச்சு."

"எந்தப் பேருங்க சார்?"

"தமிழ்ச்செல்வன். இவீங்க அவரோட அம்மா, வள்ளியாத்தாள்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். அறுபது வயது இருக்கும். வெளுத்த சேலை, கையில் ஒரு துணிப்பை. கயல்விழி அவளை ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறாள், சாவு அன்றைக்கு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டில் நின்று பார்த்தாள். அழக்கூட அங்கே அவளுக்குப் பாத்தியதை இல்லை. இப்போது அந்த அம்மாளின் புருவத்தைப் பார்த்தாள். அவன் புருவமேதான்.

வானம் யாருக்காகவும் நிற்காது. தூணா, இந்த அம்மாளா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கேமராவைத் திருப்பினாள்.

அங்கே ஒரு வம்பு காத்திருந்தது. தரையில் பதித்த விளக்கு ஒன்று மூன்றாவது வரிசைக்கு நேராக அடித்தது. பளபளத்த கல்லில் வெளிச்சம் தெறித்து, பேர் இருக்கிற இடமே வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தது. யாராவது ஓரமாக நின்று அந்த விளக்கை மறைத்தால்தான் எழுத்துத் தெரியும். தம்பிதுரை பெருமையாகப் போய் நின்றார். பேரோடு சேர்ந்து வள்ளியாத்தாளும் இருட்டுக்குள் போய்விட்டாள். அவர் போன் வேறு அடிக்க, பேசிக்கொண்டே கேட் பக்கம் நடந்துவிட்டார்.

கயல்விழி கேமராவில் பத்து செகண்டு டைமர் வைத்தாள்.

"ஏனுங்கம்மா, சத்தம் வர்ற வரைக்கும் அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் விளக்கை ஒட்டிக் குனிந்து நின்றாள். கல்லில் அவள் நிழல் விழுந்தது. அந்த நிழலுக்குள் தமிழ்ச்செல்வன் பேர் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிந்து வந்தது. தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேமரா சத்தம் கேட்ட பிறகும் நகர மனசு வரவில்லை.

படத்தைத் திரையில் காட்டினாள். வள்ளியாத்தாள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மகன் பேரின் மேல் விரலை வைத்தாள். விரல் அங்கிருந்து நகர்ந்து நிழலின் மேல் போய் நின்றது.

"இது ஆரு கண்ணு?"

"என்ற நெழலுங்கம்மா. தப்பா உழுந்துருச்சு. கம்ப்யூட்டர்ல போட்டு அழிச்சுத் தந்தர்றேனுங்க."

"அழிச்சுப்போடாதே."

துணிப்பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோவை எடுத்தாள். ஆழியாறு அணை. சிரிக்கிற முகம். காலடியில் நீளமாக, தலை சாய்ந்த ஒரு நிழல்.

கயல்விழி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் சாமானெல்லாம் வந்தப்ப, துணிக்கு அடியில இருந்துது. பாக்கறவீங்க எல்லாம் அவன் மூஞ்சியப் பாப்பாங்க. நான் இந்த நெழலத்தான் பாப்பேன். பொட்டப்புள்ளைன்னு தெரியுது. ஆருன்னு தெரியோணுமே. பத்து வருசமா எங்க போனாலும் கையில எடுத்துட்டுத்தான் போறேன்."

கயல்விழி அந்தப் போட்டோவையே பார்த்தாள். தலை தன்னாலே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வள்ளியாத்தாள் அதைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். வானம் அதற்குள் முழுக்கக் கருத்துவிட்டது. தூணின் படம் அன்றைக்குப் போனது போனதுதான்.

"கடைசியாப் போன் பண்ணுனப்ப, அடுத்த லீவுக்கு ஒருத்தியக் கூட்டிட்டு வாரேன், ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வைம்மான்னான். ஆருன்னு சொல்லுல. நானும் அடிச்சு வெச்சேன்." அந்த அம்மாள் கயல்விழியின் கன்னத்தில் கையை வைத்தாள். "இத்தன நாளாச்சே. எப்பக் கண்ணு ஊட்டுக்கு வாரே?"

கயல்விழி அந்தக் கையை எடுக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே வாரேனுங்க அத்தை" என்றாள்.