கூடையில் ஆடிய வெள்ளைக் கொடி

எல்லோரும் ஒருவரையொருவர் 'குடிமகனே' என்று அழைத்துக்கொண்ட பிரெஞ்சுப் புரட்சிக் காலம். மொபேஜ் கோட்டையிலிருந்த பிரெஞ்சுக் காலாட்படைக்குப் பலூன் படை என்றாலே இளக்காரம். அன்று காலையும் காலாட்படை வீரன் ரூசலே சும்மா இருக்கவில்லை. "என்ன குடிமகனே, இன்னிக்கும் பட்டம் விடுறீங்களா? துப்பாக்கி தூக்குனா கை வலிக்குமோ?"

பலூன் படை வீரன் தெவ்னெல் திரும்பிப் பார்க்காமல் பலூனின் கூடையில் ஏறினான்.

கீழே ஆட்கள் பலூனைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்த, பலூன் ஆஸ்திரிய முகாமுக்கு எதிரே எழும்பியது. எதிரியின் பீரங்கிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று அவன் குறித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குண்டு கூடையின் விளிம்பை உரசிக்கொண்டு போனது. தெவ்னெல் வெள்ளைக் கொடியை எடுத்து ஆட்டினான்.

பீரங்கிகள் ஓய்ந்தன. ஆஸ்திரியர்கள் தொப்பிகளை வீசி ஆர்ப்பரித்தார்கள். கோட்டைச் சுவரில் நின்ற ரூசலே தொண்டை கிழியக் கத்தினான்: "சரணடைஞ்சிட்டான்டா, பயந்தாங்கொள்ளி!"

கயிற்றுக்காரர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே கயிற்றை இன்னும் விட்டார்கள். எதிரிக்கு விஷயம் புரிவதற்குள் பலூன் குண்டு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து மிச்ச பீரங்கிகளையும் தெவ்னெல் சாவகாசமாகக் குறித்தான். பொழுது சாய்ந்ததும் கயிற்றுக்காரர்களே இழுத்து இறக்கினார்கள்.

ரூசலே வழி மறித்தான். "வெள்ளைக் கொடிய ஏன்யா காட்டுன?"

"அது உங்களுக்குத்தான் சரண். எங்க படையில, 'இன்னும் மேல விடு'ன்னு அர்த்தம்."

"அப்ப, கீழ இறக்கச் சொல்ல?"

"சிவப்புக் கொடி. அத நான் கூடையில ஏத்துறதே இல்ல."