இரண்டு வீட்டுச் சீரியல் செட்

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி மத்தியானம் ஐசக் ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டு, சீரியல் பல்புச் செட்டைக் கையில் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் யோசிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை நடக்காது. செட் ஒன்றுதான்; வீடு இரண்டு. எங்கள் வாசலில் தொடங்கி, நடுச்சுவரைத் தாண்டி, பக்கத்தில் அவருடைய அண்ணன் ஜான் வீட்டு மூலை வரைக்கும் ஓடுகிற மாதிரி ஜான் மாமாவே அளவெடுத்துக் கட்டியது. அவர் ஒயரிங் வேலை பார்த்தவர். ஐசக் கொத்தனார், செங்கல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

"இன்னாய்யா, ஏணி மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"பாதி அண்ணன் வூட்டாண்ட போவுதுமே. அங்க எப்படி கட்றது?"

ஆகஸ்ட்டில் நெஞ்சுவலி என்று படுத்த ஜான் மாமா எழுந்திருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள், லைட்டு போட மாட்டார்கள். அவர் சம்சாரம் செல்லாயி அக்காவின் வாசல் மொட்டையாகத்தான் கிடந்தது. ஒரே சுவரில் இருக்கிற தம்பி வீட்டுக்கும் அந்தத் துக்கம் உண்டு. எனக்குத் தெரியாமல் இல்லை. அவ்வளவு மனசாட்சி இல்லாதவளா நான்?

ஆனால் என் மகள் ஜெனிஃபருக்கு இது தலை கிறிஸ்துமஸ். மே மாதம்தான் கல்யாணம். மாப்பிள்ளை வசந்த்குமாருக்குச் சொந்த ஊர் தென்னேரி. நிலபுலம் உள்ள குடும்பம், காலனிப் பெண்ணை அவர்கள் தேடிவந்தா எடுத்தார்கள்? இவளும் அவரும் விரும்பினார்கள், நடந்தது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியம்மா கனகா முன்வரிசையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, பந்திக்கு முன்னால் எழுந்து போய்விட்டார். ஜான் மாமா சாவுக்கும் மாப்பிள்ளை மட்டும்தான் வந்தார். அப்படிப்பட்ட சம்பந்தியம்மா முந்தாநாள் தாமாகவே வருகிறேன் என்றிருக்கிறார். "எம்மா, போன வருஷம் லைட்டு போட்டப்ப எடுத்த போட்டோவக் காட்டுனேன். நேர்ல பாக்கணுன்றாங்க அத்த," என்று ஜெனிஃபர் போனில் குதித்தாள். அந்த அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும், என் பெண் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பாள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"வெட்டிடுய்யா. நம்ம பாதி நம்மளுக்குப் போதும்," என்றேன்.

ஐசக் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் கூசித்தான் போனேன். ஆனாலும் கட்டிங் பிளேயரை எடுத்து நீட்டினேன். அவர் நடுச்சுவருக்கு நேராக வெட்டினார், முனைகளை முறுக்கி டேப் சுற்றினார், எங்கள் பாதியை வாசலுக்கு மேலே ஆணிகளில் மாட்டினார். நானே போய் சுவிட்சைத் தட்டினேன். ஐயோ, என்ன வெளிச்சம்! பட்டப்பகலிலும் பல்புகள் வெள்ளையாய் எரிந்தன. "பாத்தியா!" என்று நான் வாயெடுப்பதற்குள் பட்பட்டென்று வெடித்து மொத்தமும் அணைந்தது. புகை வாசனைதான் மிச்சம்.

சத்தம் கேட்டு செல்லாயி அக்கா வெளியே வந்தார். நாலு மாதமாக எங்களோடு சரியாகப் பேசாதவர். சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். கீழே கிடந்த மீதிச் சரத்தைப் பார்த்தார், ஏணி மேல் இருந்தவரைப் பார்த்தார்.

"மரமண்ட! வர்ற கரண்ட அத்தினி பல்புக்கும் பங்கு போட்டுக் கட்டிக்கீறாரு உங்க அண்ணன். பாதிய வெட்டிப்புட்டா மீதி தாங்குமா? ஒவ்வொரு பல்பையும் நான்தானே எடுத்து எடுத்துக் குடுத்தேன்."

"தப்புதான் அண்ணி," என்று ஐசக் இறங்கினார்.

"வெட்டறதுக்கு முன்னால என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அது எனக்கான கேள்வி. "கேட்டா வேணான்னுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சிக்கா."

"வேணான்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். மீதிச் சரத்தைக் குனிந்து எடுத்து, முழங்கையில் சுற்றிக்கொண்டே உள்ளே போனார்.

மணி மூன்றுதான். ஐசக் வண்டியை எடுத்தால் உத்திரமேரூர் போய்ப் புதுச் செட் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். "போய் வாங்கியாரட்டா?" என்று கேட்டும்விட்டார் மனுஷன். பாட்டில் தண்ணீர் குடித்த சம்பந்தி கண்ணுக்குள் வந்தார், ஜெனிஃபர் வந்தாள். சரத்தை முழங்கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போன அக்காவும் வந்தார். "வேணாம், உடு," என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கறிக்கு வெங்காயம் அரிந்தேன். அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

கார் வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. தெருவில் மற்ற வாசல்களிலெல்லாம் ஸ்டார் எரிந்தது; எங்கள் இரண்டு வாசல் மட்டும் இருட்டு. ஜெனிஃபர் இறங்கியதும் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சுருங்கிவிட்டது. பின்னால் பட்டுச்சேலையில் கனகா இறங்கினார்.

"வாங்க சம்பந்தி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா சோபியா, லைட்டு போடலயா?"

ஏதேதோ சாக்கு வாய் வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். "என் வூட்டுக்காரரு அண்ணன் தவறி வருஷம் திரும்பலங்க. அதான் போடல."

மாப்பிள்ளை கார்க் கதவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். கனகா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஆமா, நான் வந்து துக்கம் கேக்கவே இல்ல. அதக் கேக்காம உன் வூட்டுல எப்படிக் கை நனைக்கறது? எந்த வூடு?"

நான் பக்கத்து வாசலைக் காட்டினேன். அவர் படியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனார். நான் பின்னால் போகவில்லை. நடுச்சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே செல்லாயி அக்கா அழுவது கேட்டது. அடக்கத்தன்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதவர், இப்போது வாய்விட்டு அழுதார். "அழுதுடு, அழுதுடு," என்று கனகாவின் குரல் மட்டும் நடுநடுவே கேட்டது.

திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். கனகா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினார். அந்த அம்மா உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து குடித்தார். எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம். அவர் குடித்தது அந்த வழக்கமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் முழுச் சொம்பையும் குடித்தார்.

அவர் வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. படியோரம் காலால் துழாவினார். ஒரு செருப்பு அகப்பட்டது, இன்னொன்று அகப்படவில்லை.

"இரு இரு, வுழுந்துடப் போற," என்று செல்லாயி அக்கா உள்ளேயிருந்து கை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். ஆகஸ்ட்டுக்குப் பிறகு யாரும் போடாத வாசல் பல்பு இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. அதன் மேல் ஒட்டடை. மஞ்சள் வெளிச்சம் படியில் விழுந்து, நடுச்சுவர் மேல் ஏறி, என் காலடி வரைக்கும் வந்தது. கனகா ஒற்றைச் செருப்போடு நின்றபடி, ஒரு கையால் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றதை அந்த வெளிச்சத்தில் தேடினார்.